நங்கூரத் தெருவில் தங்கிய மூச்சு

கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போன தோணி திரும்பி வருகையில், பழைய இரும்புக்கு நடுவே வைக்கோல் சுற்றிக் கிடந்த ஒற்றை இசைத்தட்டை ரேடியோ ரிப்பேர்க்காரர் வாஸ் இரண்டு கிலோ மக்ரூனுக்கு மாற்றிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து சனமெல்லாம் வெள்ளையும் சொள்ளையுமாக வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கடை வாசலில் ஸ்பீக்கரை எடுத்து வைத்துப் போட்டார். அதில் ஒரு பெண் பாடினாள். கெஞ்சினாள், அதட்டினாள், சிரித்தாள், மறுபடியும் கெஞ்சினாள். கடைசி வரிக்கு வந்ததும் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள். அந்த இடத்தில் தட்டில் ஒரு கீறல் இருந்தது. முள் தாவி, கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் போய்க் கரகரத்தது. மூச்சு மட்டும் வெளியே வந்துவிட்டது. வந்த மூச்சுக்குப் பாட வரி இல்லை, திரும்பிப் போக வழியும் தெரியவில்லை, ஆகவே அது நங்கூரத் தெருவிலேயே தங்கிவிட்டது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடல் வழியாக அந்த ஊருக்கு வராத சாமான் என்ன இருக்கிறது? மாதா வந்தாள், மக்ரூன் வந்தது, கொரைரா, மோத்தா, வாஸ் என்று ஆளுக்கொரு பேர் வந்தது. அந்த வரிசையில் ஒரு மூச்சும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது, யாருடையது என்று கேட்டவர்களுக்கு வாஸ் தட்டைக் காட்டினார். காகிதத்தில் உப்புத் தண்ணீர் பட்டுப் பேர் அழிந்துபோயிருந்தது. அந்தத் தெருவில் வெள்ளைக்காரப் பாட்டின் வார்த்தை பிடிபடுகிற ஒரே ஆள், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்ந்த ரொசாரியோ டீச்சர். அவர் கேட்டுவிட்டு, "இது வெள்ளக்காரப் பாட்டில்ல, கறுப்பு சனங்க பாட்டு. அமெரிக்காவுல. இதுக்கு சோல் மியூசிக்னு பேரு. கோயில்ல பாடிப் பழகுன தொண்டையோட வெளிய வந்து, ஆண்டவருக்குப் பாடுன மாதிரியே ஆம்பளைக்கும் பாடிட்டாங்க" என்றார். சோல் என்றால் ஆன்மா என்று அவர் சொன்னதும் பங்குச்சாமியாருக்கு முகம் சுண்டியது. ஆன்மா தன்னுடைய இலாகா, அதில் வெளியாள் ஒருவர் தன்னைக் கேட்காமல் வந்து வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த மூச்சு ஆள் கழுத்து மட்டத்தில் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக உலாத்திக்கொண்டிருந்தது. கொடியில் காயும் சட்டையைப் போட்டுப் பார்க்கும். பேக்கரிக்குள் போய்விட்டு வரும், அன்றைக்கு மக்ரூன் ஒரு விரற்கடை கூடுதலாக எழும்பியிருக்கும். யாராவது பேச வாயெடுத்துக் கொஞ்சம் தயங்கினால் போதும், அந்தத் தயக்கத்துக்குள் நுழைந்துவிடும். நுழைந்தால் அந்த ஆள் தன்னையறியாமல் நெஞ்சு நிறைய மூச்சிழுப்பார், இழுத்தபின் சொல்ல நினைத்தது மறந்து நெஞ்சில் கிடந்தது வாயில் வந்துவிடும். மீன் ஏலக்காரர் ஒரு நாள் சீலா மீனைத் தூக்கிப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து, "பாக்க ஜோராத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்டுக்குன்னா நான் வாங்க மாட்டேன்" என்றார். கல்யாணத் தரகர்கள் நங்கூரத் தெருவைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனார்கள். பங்குச்சாமியாரின் முக்கால் மணிநேரப் பிரசங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலே நிமிஷத்தில் முடிந்தது, அதைக் கேட்டு இருபது வருஷத்தில் முதல்முறையாக மூன்று பேர் அழுதார்கள். அதற்கப்புறம் அவரும் மூச்சைப் பற்றிக் குறை சொல்வதை விட்டுவிட்டார். குடிக்கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்கு வீடு கேட்டபோது, எல்லா வீட்டிலும் ஒன்று கூட்டிச் சொன்னதில் தெருவின் சனத்தொகை அந்த வருஷம் நாற்பது ஏறிவிட்டது.

துறையில் பாய் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர்களுடைய அம்பாப் பாட்டில் ஒருவன் கேட்பான், மற்றவர்கள் மூச்சிழுத்துப் பதில் சொல்லிக் கயிற்றை இழுப்பார்கள். ஆதியிலிருந்தே அதுதான் வழக்கம். மூச்சு காலையில் அவர்களிடம் போய், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்துவிட்டு வரும்.

ஆட்டம் கண்டுபோனவர்கள் பாட்டுக்கட்டுகிறவர்கள்தான். நங்கூரத் தெருவில் அப்போது இரண்டு பேர் பாட்டுக்கட்டினார்கள். ஒருவர் சண்முகக்கனி, கோயில் கொடை விழாவுக்கும் தேர்தலுக்கும் எழுதுகிறவர். மற்றவன் லியோன் கொரைரா, மாதா திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எழுதுகிறவன். இருவரும் மதியம் மூன்று மணிக்கு வாஸ் கடைக்கு வெவ்வேறு வழியாக வருவார்கள், ரேடியோவுக்குப் பல்பு மாற்ற வந்த பாவனையில் அந்தத் தட்டைப் போடச் சொல்வார்கள், அவள் கெஞ்சுவதையும் அதட்டுவதையும் கண்ணை மூடிக் கேட்பார்கள், கண்ணைத் திறந்ததும் "சுமார்தான்" என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாக வீட்டுக்குப் போவார்கள்.

முதலில் மாறியது சண்முகக்கனியின் பாட்டு. கடைசி வரிக்கு முன்னால் அவர் ஒரு இடம் விட்டார். வெறும் இடம், தாளம் மட்டும் ஓடும், வார்த்தை இருக்காது. அம்மன் கொடையில் அந்த இடம் வந்தபோது சாமியாடி கூட ஆடுவதை நிறுத்திக் காத்திருந்தாராம். அந்த ருசியில் அவர் தேர்தல் பாட்டிலும் வேட்பாளர் பேருக்கு முன்னால் இடம் விட்டார், அங்கேதான் தப்புப் பண்ணினார். எதிர்க்கட்சிக்காரர்கள் முனைக்கு முனை நின்று, அந்த இடம் வந்ததும் தங்கள் ஆள் பேரைக் கத்தி நிரப்பினார்கள். சண்முகக்கனியின் வேட்பாளர் தன் சொந்தப் பாட்டிலேயே எதிராளிக்கு ஓட்டுக் கேட்டுத் தோற்றார். இவ்வளவுக்குப் பிறகும், அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சண்முகக்கனிக்குக் கோபம் வந்துவிடும். "வே, எவளோ ஒருத்தி மூச்சு வாங்குனதப் பாத்து நான் எழுதுனேனாக்கும்? என் பாட்டன் காலத்து வில்லுப்பாட்டுலயே இந்த எடம் உண்டு வே" என்பார். அதுவும் உண்மைதான், அவர் பாட்டன் பாட்டில் இருந்தது, அவளுடைய பாட்டிலும் இருந்தது, அவர் பாட்டில் மட்டும் அதுவரை இல்லை.

லியோனின் கதை வேறு. அவன் தோணி ஏஜெண்டு ஆபீசில் சரக்குப் பட்டியல் எழுதுகிறவன். வெங்காயம் இத்தனை மூட்டை, ஓடு இத்தனை, மிளகாய் வற்றல் இத்தனை என்று எழுதிப் பழகிய கை, வீட்டுக்கு வந்து பாட்டு எழுதும்போதும் பட்டியலே எழுதியது. அது அவன் குற்றம் மட்டும் என்று சொல்ல முடியாது. நங்கூர மாதா கோயில் வழக்கம் அப்படி. ஆவணியில் திருவிழா முடிந்தபின்தான் தோணிகள் அந்த வருஷத்து முதல் பயணம் போகும், திருவிழாப் பாட்டில் தன் பேர் வராத தோணியில் சரக்கு நனையும் என்பது தோணிக்காரர்களின் நம்பிக்கை. ஆகவே ஜெயமேரி வர வேண்டும், மூன்று ராசாக்கள் வர வேண்டும், சந்தன மாதா வர வேண்டும், செந்தூர் வேலனும் வந்தே ஆக வேண்டும், அதன் முதலாளி இந்து நாடார் என்றாலும் மாதாவுக்கு மெழுகுதிரி தவறாதவர். லியோன் எழுத ஆரம்பித்த வருஷம் ஒன்பது தோணி, இப்போது இருபத்திரண்டு. வருஷத்துக்கு வருஷம் தோணி கூடக் கூட, அவன் பாட்டில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஊசி நுழைய இடமில்லாமல் போயிற்று. போன வருஷம் பாடற்குழுவில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். பக்தியின் வேகம் என்று லியோன் எடுத்துக்கொண்டான்.

அவனுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் பாட்டைக் கேட்டு அவன் மனைவி பெர்னதெத் ஒரே ஒரு தடவை கையிலிருக்கிற வேலையைக் கீழே வைக்க வேண்டும்.

பெர்னதெத் ஒரு காலத்தில் அந்தப் பாடற்குழுவின் முதல் குரல். அவள் குரலுக்காகத்தான் லியோன் பாட்டெழுதவே தொடங்கினான், அந்தக் குரலைக் கேட்டுத்தான் பெண் கேட்டுப் போனான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், தோணிகள் பதினாலு ஆன வருஷத்துத் திருவிழாவில், ஒன்பதாவது தோணியில் பாட்டை நிறுத்தி, காகிதத்தை மடித்து ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு, பாடற்குழு நிற்கிற மாடத்துப் படியிறங்கி வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. என்ன ஆயிற்று என்று லியோன் கேட்டான், ஒண்ணுமில்லை என்றாள். ஒண்ணுமில்லை என்று பெண்டாட்டி சொன்னால் ஒண்ணுமில்லை என்றே நம்பிவிடுகிற பாக்கியவான்கள் உலகத்தில் உண்டு, லியோன் அவர்களில் ஒருவன். இப்போது அவன் புதுப் பாட்டு எழுதி அவளுக்குப் பாடிக் காட்டினால் அவள் மீன் அறுத்துக்கொண்டே கேட்பாள். பாட்டு முடியும்போது மீனும் முடிந்திருக்கும்.

அந்த மூச்சு ஒரு தடவை தனக்குள் வந்தால் போதும், பெர்னதெத் அரிவாள்மணையை விட்டு எழுந்து வருகிற மாதிரி ஒரு பாட்டு வந்துவிடும் என்று லியோனுக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து அவன் மூச்சைத் துரத்த ஆரம்பித்தான். ஆர்மோனியத்தை வாசலில் போட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிடிக்குமென்று பேக்கரி வாசலில் காத்து நின்றான். ஒரு நாள் அது ஜார்ஜெட் சேலைக்குள் புகுந்து கொடியில் ஆடிக்கொண்டிருந்தபோது மெதுவாகப் பின்னால் போய்ச் சேலையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். சேலை ஏலக்காரரின் மனைவியுடையது, அந்தம்மாள் பேசியதற்கு மூச்சின் உதவி எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை முயன்றும் அது அவன் முகத்தருகே வரும், இரண்டு சுற்றுச் சுற்றும், போய்விடும். ரொசாரியோ டீச்சர் ஒரு நாள் அவனை நிறுத்திச் சொன்னார்: "லியோன், நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. வாய் சும்மா இருந்தாத்தான அது உள்ள வரும்? ஒரு நிமிசம் சும்மா இரு."

"இருக்கேன் டீச்சர், நிச்சயமா இருக்கேன், நீங்க சொன்னபொறவு இருக்காம இருப்பனா, இன்னைக்கே இருக்கேன், சாயங்காலம்..." என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான் லியோன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அவன் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அடுக்களையில் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். வார்த்தையில்லாத ராகம், வாஸ் கடைத் தட்டில் வருகிற அதே ராகம், அந்தக் கெஞ்சலும் அதட்டலும் அப்படியே; ஆனால் குரல் பெர்னதெத்துடையது. பதினோரு வருஷமாக அவன் கேட்காத குரல். ஒரு செருப்போடு லியோன் அப்படியே நின்றான். எட்டிப் பார்த்தால் அவள் முக்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்து முனகிக்கொண்டிருந்தாள். ராகம் நீளும்போது அவள் நெஞ்சு சீழ்க்கை அடித்தது, சீழ்க்கை வந்ததும் அவள் நிறுத்துவாள், நிறுத்திய இடத்தில் அடுப்புப் புகை ஒரு பக்கமாக விலகும், அந்த மூச்சு அவளுக்குள் போகும், அவள் மறுபடி தொடர்வாள். தினமும் மூச்சு தன்னை விட்டுவிட்டு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று லியோனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறந்து நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவன் வாய் சும்மா இருந்தது, மூச்சு திரும்பி அவனைப் பார்த்து, அடுக்களை வாசல் தாண்டி வந்து அவனுக்குள் நுழைந்தது.

நெஞ்சு நிறைய இழுத்தான். "நீ ஏன்ட்டி பாடுறத நிறுத்துன?" என்றான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் அவன் இதையே கேட்டிருந்தான். ஆனால் அப்போது ஒண்ணுமில்லை என்றதற்கு மேல் காத்திருக்கவில்லை. இப்போது நின்றான்.

"எனக்கு இழுப்பு வந்துட்டுல்லா, அந்த வருசந்தான" என்றாள் பெர்னதெத். "நாலு சொல்லுக்கு ஒருக்க மூச்சு வாங்கணும். உங்க பாட்டுல எங்கன போய் வாங்க? ஜெயமேரியத் தாண்டுனா மூணு ராசாக்க, அவியளத் தாண்டுனா சந்தன மாதா. நானும் ஒரு எடம் வரும், ஒரு எடம் வரும்னு ஒன்பது தோணி பாத்தேன். வரல. இறங்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லணும்னா நீங்க நிறுத்தணும்லா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். "கெடக்கட்டும். இதுக்கே இப்பிடி முழிக்கீங்களே, சுவத்துல தொங்குதே நம்ம கல்யாண வாழ்த்து, அதுல என் பேரு எங்கன இருக்குன்னு போய்ப் பாருங்க."

அந்த வாழ்த்துப்பா ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, பத்தொன்பது வருஷமாக முன்னறையில் தொங்குகிறது. பெர்னதெத்தான் சட்டம் போட்டு மாட்டினாள். தன் எழுத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை என்று லியோன் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். இப்போது ஒற்றைச் செருப்போடு போய் நின்று படித்தான். பெரியப்பா பேர் இருந்தது. மூன்று சித்தப்பாக்கள், கொழும்பு மாமா, மாமாவின் மச்சான், பெண் பார்க்க வந்த தரகர், ஏஜெண்டு ஆபீஸ் முதலாளி, அவருடைய தோணி, பந்தல்காரர், எல்லாரும் எதுகை தவறாமல் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். மணமகள் என்று ஒரு இடத்தில் இருந்தது. பேர் இல்லை. மேலிருந்து கீழாகப் படித்தான், கீழிருந்து மேலாகவும் படித்தான். பத்தொன்பது வருஷமாக இந்தக் கண்ணாடிக்கு அடியில்தான் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு லியோன் அந்த வருஷத்துத் திருவிழாப் பாட்டை எடுத்து வைத்துக் கோடு போட்டு அடிக்க ஆரம்பித்தான். ஒரு தோணியை மட்டும் அடித்தால் அதன் முதலாளி சண்டைக்கு வருவான் என்பதால் இருபத்திரண்டையும் அடித்தான். அடித்த இடத்தில் வேறு சொல் போடக் கை துறுதுறுத்தது, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். நாலு சொல், ஒரு இடம். நாலு சொல், ஒரு இடம். மிஞ்சியது கடலைப் பற்றியும், கரையில் காத்திருப்பதைப் பற்றியும் பதினாறு வரி. கடைசி வரிக்கு முன்னால் நீளமாக ஒரு இடம் விட்டான், அந்தத் தட்டில் பாடியவள் மூச்சிழுக்க விட்டிருந்த அதே நீளத்துக்கு. கொண்டுபோய்ப் பெர்னதெத்திடம் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். பாடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செய்தி தோணிச் சங்கத்துக்குப் போனது. சங்கத் தலைவர் சேவியர் மோத்தா, மூன்று தோணிக்குச் சொந்தக்காரர், கோபம் வந்தால் துறையில் நாய்கூடக் குரைக்காது. கூட்டம் கூட்டி லியோனை நிறுத்திக் கேட்டார்: "ஏலே, என் தோணி நனைஞ்சா நீயா வந்து காயப்போடுவ? நாப்பது வருசத்து வழக்கத்த அடிக்க நீ யாருல?"

லியோன் பழைய லியோனாக இருந்தால் அந்த இடத்திலேயே மோத்தாவின் மூன்று தோணியையும் வைத்து ஒரு வெண்பா சொல்லித் தப்பித்திருப்பான். இப்போது கொஞ்சம் தயங்கினான். சங்கக் கட்டிட ஜன்னல் திரை அசைந்தது.

"முதலாளி," என்றான், "நான் சொன்னா அது பட்டியலு. நீங்க சொன்னாத்தான் வேண்டுதலு. கடைசி வரிக்கு முன்னால எடம் விட்டிருக்கேன். உங்க தோணி பேர நீங்களே உங்க வாயால சொல்லிக்கிடுங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு." பிறகு, மூச்சு இன்னும் மிச்சம் இருந்ததால், "என் பெண்டாட்டி பாடணும், முதலாளி. அவளுக்கு மூச்சு வாங்க எடம் வேணும்" என்றும் சொன்னான். தோணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் தோணியின் பேரைத் தாங்களே உரக்கச் சொல்லலாம் என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது, எவன் சத்தம் பெரிது என்று பார்த்துவிடலாம். மோத்தா மட்டும், "நனைஞ்சுது, உன்னையக் கொடியில காயப்போடுவேன்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

திருவிழா அன்று காலைப் பூசைக்குக் கோயில் கொள்ளவில்லை, வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். தோணிக்காரர்கள் எல்லாரும் முன்வரிசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள். சண்முகக்கனி கூடத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், நெற்றித் திருநீறோடு, பல்பு மாற்ற வந்த பாவனையில். லியோன் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடற்குழு ஏறி வந்தது, அவள் வரவில்லை. முதல் மணி அடித்தது, வரவில்லை. இரண்டாம் மணி அடித்தபோது படியில் செருப்புச் சத்தம், நாலு படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறுகிற சத்தம், பெர்னதெத் வந்து பழைய இடத்தில் நின்றாள்.

பாடினாள். நாலு சொல் பாடினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது, அதுவும் பாட்டாக இருந்தது. கடலை அதட்டினாள், மாதாவிடம் கெஞ்சினாள், கரையில் காத்திருக்கிற வரி வந்தபோது ஏலக்காரர் மனைவி தோளில் கிடந்த சேலையை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். லியோன் தன்னுடைய பாட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டான். கடைசி வரிக்கு முன்னால் அந்த நீளமான இடம் வந்தது. பெர்னதெத் நின்றாள், ஆர்மோனியம் நின்றது, தோணிக்காரர்கள் வாயைத் திறந்தார்கள்.

அந்த நேரத்தில் மெழுகுதிரிச் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. தெருவில் அலைந்துகொண்டிருந்த மூச்சு கோயிலுக்குள் வந்தது, எல்லாருக்குள்ளும் ஒரே சமயத்தில் போனது, ஆயிரம் பேர் ஒன்றாக நெஞ்சு நிறைய இழுத்தார்கள். தோணிக்காரர்கள் தோணி பேரைச் சொல்லத்தான் நினைத்தார்கள். சேவியர் மோத்தா முதலில் சொன்னார், துறை அதிரும் குரலில் அல்ல, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில், "சூசை" என்று சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலத்தீவுப் பயணத்தில் போய்த் திரும்பாத தம்பி. அதற்கப்புறம் அவரவர் வாயில் அவரவர் பேர் வந்தது. ஒருவர் தன் அம்மாவைக் கூப்பிட்டார், ஒருவர் பேச்சில்லாமல் இருந்த மகனைக் கூப்பிட்டார், பங்குச்சாமியார் பீடத்தில் நின்றபடி யாருக்கும் தெரியாத ஒரு பேரை மெதுவாகச் சொல்லிக்கொண்டார், சண்முகக்கனி தூணைப் பிடித்துக்கொண்டு "பேச்சி" என்றார், அது போன கார்த்திகையில் செத்துப்போன அவர் மனைவி. ஒரு தோணியின் பேரும் வரவில்லை. எல்லாரும் சொல்லி ஓய்ந்து கோயில் அமைதியானபோது, கடைசியாக ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், பத்தொன்பது வருஷம் பிந்தி வந்த குரல், "பெர்னதெத்" என்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். பிறகு சிரிப்பும் பாட்டுமாகக் கடைசி வரியைப் பாடி முடித்தாள். ஒரே மூச்சில் பாடினாள், நெஞ்சில் சீழ்க்கை இல்லை. அந்த வரியோடு மூச்சும் போய்விட்டது. மத்தியானம் பேக்கரியில் மக்ரூன் பழைய உயரத்துக்கே எழும்பியது.

அந்த வருஷம் ஒரு தோணியும் நனையவில்லை. அதனால் வழக்கம் மாறிவிட்டது. நங்கூரத் தெருவிலிருந்து பாட்டுக்கட்டிக் கிளம்பினவர்கள் எல்லாரும், கோயிலுக்கு எழுதினாலும் சோப்பு விளம்பரத்துக்கு எழுதினாலும், கடைசி வரிக்கு முன்னால் ஒரு இடம் விடுகிறார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் வாழ்த்துப்பா படிக்கும்போது நடுவில் நிறுத்துவார்கள், மாப்பிள்ளை எழுந்து பெண்ணின் பேரைச் சொல்லவேண்டும். எங்கே கற்றீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆளுக்கொரு பாட்டன் பேரைச் சொல்லுவார்கள். சண்முகக்கனி சாகும் வரை அது வில்லுப்பாட்டிலிருந்து வந்தது என்றுதான் சாதித்தார், மதியம் மூன்று மணிக்கு வாஸ் கடைக்கு வருவதையும் சாகும் வரை நிறுத்தவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் வாஸ் அந்தத் தட்டை மறுபடியும் வாசலில் போட்டார். அவள் கெஞ்சினாள், அதட்டினாள், சிரித்தாள், நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள். முள் தாவவில்லை. விட்டுப்போன கடைசி வரி வந்தது, தெருவே நின்று கேட்டது. அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"என்ன சொல்லுதா டீச்சர்?" என்றான் லியோன்.

ரொசாரியோ டீச்சர் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். "ஒண்ணும் சொல்லல. ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடுதா. அம்புட்டுத்தான்."

"யார் பேரு? யாரு அது? புருசனா, பிள்ளையா, இல்ல ஊர்ல யாராவது..." என்று லியோன் ஆரம்பித்தான்.

மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்த பெர்னதெத் கூடையைக் கீழே வைத்தாள். "யாராயிருந்தா உங்களுக்கென்ன?" என்றாள். "அவளாவது விட்டுப்போகாம சொல்லிட்டா. சும்மா நின்னு கேளுங்க."

லியோன் சும்மா நின்று கேட்டான்.